அடுத்த ஸ்டேஜில் ஏறுகிறவர்

ஆள் வருதான்னு கேக்குறா அந்தப் பொண்ணு. இடுப்புல கைப்பிள்ளை, தோள்ல ஒரு பை, கம்பியப் புடிக்க கை மிச்சமில்ல. வருதும்மா, அடுத்த ஸ்டாப்புல ஏறுவாரு, எங்க வீட்டுக்காரருன்னு சொல்லி, பக்கத்து சீட்டுல கிடந்த பையை நல்லா விரிச்சுப் போட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. பாக்கத்தானே செய்வா. துண்டு போட்டு சீட்டுப் புடிக்கிறவங்கள எத்தனையோ பேரப் பாத்திருப்பா, இன்னும் பஸ்ஸுலயே ஏறாத புருசனுக்கு சீட்டுப் புடிக்கிறவள இன்னைக்குத்தான் பாக்குறா. அவரு ஏன் உங்ககூடயே ஏறலைன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இலவசம், எனக்கு எங்க ஏறுனாலும் ஒண்ணுதான். அவரு ஆம்பளை, காசு குடுக்கணும். எங்க ஸ்டாப்புல ஏறுனா ஒரு ஸ்டேஜ் கூடிப்போகும், ரெண்டு ரூவா. அதனால அவரு முன்னாடியே கிளம்பி, தண்ணித்தொட்டி ஸ்டாப்பு வரைக்கும் நடந்து போயி, நான் வர்ற இதே பஸ்ஸுக்கு அங்க நிப்பாரு. இதைப் போயி ஒரு வயசுப் பொண்ணுகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்க மாட்டாளா? பிள்ளைய இங்கிட்டுக் குடு தாயி, நான் மடியில வச்சுக்கிறேன்னு வாங்கிக்கிட்டேன். பொம்பளைப் பிள்ளை. வேர்வையும் பவுடருமா மணக்குது. மடியில உக்காந்ததும் என் கண்ணாடி வளையலப் புடிச்சு இழுக்குது. இழு, இழு, உடைச்சிராத, இந்த டசன் வாங்கி வருசம் மூணாச்சு, இன்னும் ஒண்ணுகூட உடையல. எனக்கும் ஒண்ணும் சிக்கனத்துக்குக் குறைச்சல் இல்ல. ஊரு அவரைத்தான் சொல்லுது, எச்சக் கையால காக்கா ஓட்டாத மனுசன்னு. கூட இருக்கிறவ யாருன்னு ஊருக்குத் தெரியல.

வண்டி நகரவே இல்லையே. குழாய் பதிக்கிறோம்னு ரோட்ட ஒரு பக்கமா தோண்டிப் போட்டிருக்கான், இங்கிட்டு ஒரு வண்டி வந்தா அங்கிட்டு ஒரு வண்டி நிக்கணும். வெயிலு கண்ணாடி வழியா வந்து தொடையில விழுது, பிள்ளை மூஞ்சிக்கு முந்தானைய மறைப்பாப் போட்டேன். இந்த மொட்ட வெயில்ல யாரு மார்க்கெட்டுக்குப் போவா? நாங்க போவோம். காலையில போனா கத்திரிக்காய் அவங்க சொல்ற விலை, ஒரு மணிக்கு மேல போனா நாம சொல்ற விலை. யாவாரிக்கு வீட்டுக்குப் போகணும், சாக்கை மடிக்கணும், அந்த நேரத்துல தவசி அண்ணே வந்துட்டாருன்னு அவங்களே கூப்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, கீரைக்காரி கிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. அவ சொன்ன காசு, அப்படியே குடுத்துருவாரு. ஏங்க, அங்க மட்டும் என்னான்னு ஒருநாள் கேட்டேன். கீரைக்கட்டுல பேரம் பேசுனா கை விளங்காது சோலைன்னாரு. அந்த மாதிரி ஆளு. அவரு சிக்கனமெல்லாம் அவரு வயித்துல, அவரு கால்ல, அவரு சட்டைக் காலர்ல. காலர் நைஞ்சு போச்சுன்னா தையக்காரன் கிட்டக் குடுத்து பிரிச்சுத் திருப்பி வச்சுத் தைச்சுக்குவாரு, சட்டைக்கு மறுபடி ரெண்டு வருசம் ஆயுசு. நான் புளிய மூணு தடவை கரைப்பேன், முதக் கரைசல் குழம்புக்கு, ரெண்டாவது ரசத்துக்கு, மூணாவது சக்கையோட செம்பு விளக்க. எண்ணெய்ப் பாக்கெட்ட கத்தரிச்சு தோசைக்கல்லு மேல ஒரு தேய்ப்பு தேய்ப்பேன். அதைப் பாத்துட்டு, ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொன்னவன் உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருப்பான்னு சிரிப்பாரு. மத்தவ புருசன் சேலை நல்லாருக்குன்னு சொல்லுவான், எம்புருசன் எண்ணெய்ப் பாக்கெட்ட நல்லாக் கத்தரிச்சன்னு சொல்லுவாரு. எனக்கு அதுவே பெருமையாத்தான் இருக்கும், சொன்னா வெட்கக்கேடு.

இன்னைக்குக் கிளம்பவே நேரமாயிருச்சு, அதுவும் என்னாலதான். அவரு செருப்ப மாட்டிட்டாரு, நான்தான் இருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்கன்னு நிறுத்துனேன். மோரு குடிச்சாரு, டம்ளர்ல ஒட்டுனத தண்ணி ஊத்திக் கலக்கி அதையும் குடிச்சாரு. குடையையாவது எடுத்துட்டுப் போங்கன்னேன். வெயிலுக்குக் குடை புடிச்சா துணி வெளுத்துரும், மழைக்கு என்னத்தப் புடிப்பன்னுட்டாரு. போற போக்குல வாசல்ல ஒரு நிமிசம் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. என்னாங்கன்னேன். ஒண்ணுமில்ல, பையை எடுத்தேனான்னு பாத்தேன்னாரு. பை கையிலதான் இருந்துச்சு. கையில வச்சுக்கிட்டே பையைத் தேடுற வயசு வந்துருச்சான்னு கேலி பண்ணுனேன். அவரும் சிரிச்சாரு. இப்ப நினைச்சா, அந்தச் சிரிப்பு வாயோட நின்னுபோச்சோ? சேச்சே. என்ன நெனப்பு இது. வண்டி நின்னா மனசும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, ஈ மாதிரி சுத்திச் சுத்தி அங்கயே உக்காருது. கண்டக்டர் வந்து டிக்கெட்ட நீட்டுறாரு. மாயழகுன்னு பேரு, வாரத்துல மூணு நாளு இவரு வண்டிதான். என்னம்மா, சாரு முன்னாலயே போயிட்டாரான்னு கண்ணடிக்கிறாரு. போயிட்டாரு தம்பி. இன்னைக்கு வண்டி போற வேகத்துக்கு அவரு மார்க்கெட்டுக்கே நடந்து போயிருவாரும்மா, டிக்கெட்டே வேணாங்கிறாரு. பின்னாடி ரெண்டு பேரு சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு, என்னமோ கோவம் வந்துச்சு. ரெண்டு ரூவாய்க்கு நடக்குறாருன்னு உங்களுக்குச் சிரிப்பு, அந்த நடைதான்யா எங்கள நிக்க வச்சுச்சு. சொன்னா புரியுமா உனக்கு.

பதினோரு மாசம். அப்ப மில்லு மூடிக் கிடந்தது பதினோரு மாசம். எங்க மக அமுதாவுக்கு அப்ப ஆறு வயசு, முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. கேட்டுல ஒரு நோட்டீசு ஒட்டுனான், அவ்வளவுதான், ஃபிட்டர் தவசிக்கு வேலை இல்ல. கூட வேலை பாத்தவங்க பாதிப் பேரு கடைவாசல்லயே பொழுதப் போக்குனாங்க, இவரு விடிஞ்சா எந்திரிச்சு நடந்து போவாரு, யாருக்கு மோட்டார் ஓடலையோ, யாருக்குக் குழாய் அடைச்சிருக்கோ, தேடித் தேடிப் போயி செஞ்சிட்டு, இருட்டுறதுக்குள்ள நடந்தே வந்துருவாரு. அந்தப் பதினோரு மாசத்துல பஸ்ஸுன்னு ஒண்ணு ஓடுறதையே நாங்க மறந்துட்டோம். ஒருத்தர் கிட்டயும் போயி நிக்கல, என் காதுல கிடந்தது காதுலயே கிடந்துச்சு. ஒரு நாளு வரும்போது அமுதாவுக்கு ஒரு பென்சில் வாங்கிட்டு வந்தாரு, தலையில ரப்பர் வச்சது. அதுக்காக எவ்வளவு தூரம் நடந்தீங்கன்னு நான் கேக்கல, அவரு காலக் கழுவி விட்டேன், குதிகாலு வெடிச்சு மண்ணு ஏறியிருந்துச்சு. அப்பறம் மில்லு தொறந்துச்சு, அமுதா படிச்சா, ஓசூருல நல்ல இடத்துல இருக்கா, வீடு நம்ம வீடு, மாசாமாசம் பென்சன் வருது. இனிமே எதுக்கு மிச்சம் புடிக்கணும்? யாருக்கு? அமுதாவே போன்ல கத்துறா, அப்பா ஆட்டோவுல போங்கப்பா, நான் காசு போட்டு விடுறேன்னு. சரிம்மா சரிம்மாங்கிறாரு, போனை வச்சிட்டு செருப்ப மாட்டுறாரு. கேட்டா, டாக்டரே நடக்கச் சொல்றாங்கம்பாரு. எந்த டாக்டரு? எந்த டாக்டர்கிட்ட போயிருக்காரு அவரு? டிவியில சொன்ன டாக்டரு. ஆனா எனக்கும் தெரியும், அந்த ரெண்டு ரூவாயில்ல விசயம். அந்த மனுசனுக்கு இன்னும் கேட்டுல நோட்டீசு ஒட்டிக்கிட்டேதான் இருக்கு. நடந்துட்டா போதும், பொஞ்சாதி பிள்ளையக் காப்பாத்திப்புட்டோம்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிய எதுக்குக் கெடுக்கணும்னு நானும் விட்டுட்டேன். விட்டது மட்டுமா? சீட்டு வேற புடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்.

அவரு ஏறி வந்து உக்காந்ததும் முத வேலை, எனக்குச் சாவுச் செய்தி சொல்றது. சோலை, பால்சொசைட்டி ராசேந்திரன் மாமியா இறந்துட்டாங்களாம், தொண்ணூத்தி ரெண்டு, பேரன் பேத்தி இருபத்தி ஒண்ணுன்னு ஆரம்பிப்பாரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்து வர்றது. நம்ம ஊருலதான் செவுத்துக்குச் செவுரு ஒட்டியிருப்பானே, செத்தவங்க கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்க மாதிரி ஒரு போட்டோ, கீழ வரிசையா மகன் மருமகன் பேரு. இவரு அதுல ஒரு எழுத்து விட மாட்டாரு. அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, போஸ்டர் அடிச்ச நண்பர்கள் யாரு யாரு, எல்லாம் ஒப்பிப்பாரு. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு சொல்லுவாரு. இப்ப ஒரு அஞ்சாறு மாசமா தெனம் நாலு சொல்றாரு, அஞ்சு சொல்றாரு. பழைய போஸ்டரைக்கூட விடுறதில்ல, போன மாசம் செத்தவரு சேதி இந்த மாசம் வரும். எமனுக்குக் கணக்குப்பிள்ளையா போயிட்டீங்களான்னு கேட்டேன். காசு குடுத்து பேப்பர் வாங்குறதுக்கு இது சும்மா தானேன்னாரு. சரிதான்னு நெனச்சேன். நல்ல புருசன், நல்ல சிக்கனம், நல்ல போஸ்டர். பிள்ளை தூங்கிப்போச்சு, வாய் திறந்து என் மார்ல எச்சி ஒழுகுது. அந்தப் பொண்ணு ரொம்ப வெயிட்டாக்காங்கிறா. இல்லம்மா, பூ மாதிரி இருக்கா. பூவா, கல்லு மாதிரி கனக்குறா, காலு மரத்துப்போச்சு, ஆனா சீட்ட விட்டுக் குடுக்காத பாவத்துக்கு இதாவது சுமக்கலாம்ல.

வண்டி அசைஞ்சு ரெண்டு கடை தாண்டி மறுபடி நிக்குது. மணி என்னான்னு எட்டிப் பாத்தேன், அவரு கிளம்பி அரை மணி ஆச்சு. இந்நேரம் ஸ்டாப்புக்குப் போயிருப்பாரு. போயி, எப்பவும் போல அந்தத் தொட்டி நிழல்ல இடுப்புல கை வச்சு நிப்பாரு, மாப்பிள்ளை கணக்கா. ஏறுனதும் நான் எப்ப வந்தீங்கன்னு கேப்பேன், நானா, நான் வந்து பத்து நிமிசமாச்சேம்பாரு. அந்தப் பத்து நிமிசம் மழையானாலும் மாறாது, வெயிலானாலும் மாறாது. இப்ப என்னமோ மனசு அடிச்சுக்குது. போன வாரம் மாடியில துணி எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன், நீ போ சோலை, நியூசு ஓடுதுன்னாரு. அதுக்கு முந்துன வாரமும் நியூசு. எப்ப இருந்து இவரு நியூசு பாக்க ஆரம்பிச்சாரு? தலைக்கு ரெண்டு தலைகாணி கேக்குறாரு இப்பெல்லாம். ஒண்ணு போதாதா, ரெண்டு உறை துவைக்க சோப்பு யாரு குடுப்பான்னு நான்தான் ஒண்ணை எடுத்து பீரோ மேல போட்டேன். ஆமா, நான்தான். அவரு ஒண்ணும் சொல்லல, வேட்டிய மடிச்சு தலைக்கு வச்சுக்கிட்டாரு. ஏன் ஒண்ணும் சொல்லல? சொல்ற மனுசனா அவரு. பல்லுவலியவே நாலு நாளு கிராம்ப மென்னு மறைச்சவரு. சோலை, சும்மா இரு. தண்ணித்தொட்டி வந்துரும், வந்தா ஆளு நிப்பாரு, ஏறி வந்து எவனாவது செத்த கதை சொல்லுவாரு, நீ வீணாப் போட்டு உழப்பிக்காத. வண்டிய எடுங்களேன்யா. ஒருத்தனாவது இறங்கி எதிர்ல மறிச்சு நிக்கிற லாரியப் பின்னாடி எடுக்கச் சொன்னா என்ன.

வெளிய பாத்தேன். பள்ளம் தோண்டுன ஓரமா, மண்ணு மேல ஒரு வயசாளி நடந்து போறாரு. பாவம், தலையில ஒரு கறுப்புப் பையை மடிச்சுப் போட்டுக்கிட்டு. நாலு எட்டு வைக்கிறாரு, நிக்கிறாரு. கரண்டு கம்பத்தப் புடிச்சுக்கிறாரு. தோளு மட்டும் மேலயும் கீழயும் போகுது. இந்த வெயில்ல இப்படி ஒரு ஆளைத் தனியா விட்டிருக்காங்களே, வீட்டுல மனுச மக்க யாரும் இல்லையான்னு நெனச்சேன். நெஜமா அப்படித்தான் நெனச்சேன், என் வாயில புழு விழ. கம்பத்த விட்டுட்டு பக்கத்துச் செவுத்துக்கிட்டப் போறாரு. செவுத்துல போஸ்டரு. ஒரு கைய செவுத்துல ஊனிக்கிட்டு, மூஞ்சிய நிமித்தி, போஸ்டரப் படிக்கிறாரு. ரோட்டுல போற சைக்கிள்காரன் திரும்பிப் பாக்கவும் இன்னும் நல்லாப் படிக்கிற மாதிரி கழுத்த நீட்டுறாரு. சைக்கிளு போனதும் தலை தொங்கிருச்சு, நெத்திய அந்த போஸ்டர் மேலயே சாச்சுக்கிட்டாரு. அந்தப் பை. பழைய குடைத்துணியக் கிழிச்சு நான் தைச்ச பை அது. ஆத்தாடி. அது அவரு. அய்யோ, அது அவரு! முப்பத்தி நாலு வருசமாப் பாக்குற முதுகு, எனக்கே அடையாளம் தெரியலையே. நான் என்னைக்கு அவரு இந்த ரோட்டுல நடக்குறதப் பாத்தேன்? பஸ்ஸு வரும்போதெல்லாம் அவரு வந்து சேந்துருப்பாரு, மூச்சு சரியாகி, தலை சீவி, சிரிச்சுக்கிட்டு நிக்கிறதத்தான் எனக்குக் காட்டிக்கிட்டு இருந்திருக்காரு. தெனம் நாலு சாவு, அஞ்சு சாவு. அத்தனை போஸ்டர்லயும் அவரு நின்னு மூச்சு வாங்கியிருக்காரு. போன மாசம் நாலுன்னா இந்த மாசம் அஞ்சு. நான் எமனுக்குக் கணக்குப்பிள்ளைன்னு கேலி பண்ணிக்கிட்டு பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன்.

கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன், கூப்பிடல. கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு, என்னைப் பாத்ததும் வெரசா நடப்பாரு. மூச்சு இல்லாட்டியும் நடப்பாரு, அந்த மனுசன எனக்குத் தெரியும், நான் பாக்குறேன்னா ஓடக்கூட ஓடுவாரு. பிள்ளையத் தூக்கி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தேன். இந்தா தாயி, ரெண்டு சீட்டும் உனக்குத்தான், உக்காரு. அவ வாங்கிக்கிட்டு, ஏங்க்கா, ஆள் வருதுன்னீங்கங்கிறா. வரலம்மா, அவரு இனிமே வரமாட்டாரு, நான்தான் போகணும். மாயழகு நடு ரோட்டுல இறங்காதீங்கம்மான்னு கத்துனாரு, வெளிய எட்டிப் பாத்தவரு அப்படியே வாய மூடிக்கிட்டு விசிலடிச்சு வண்டிய நிறுத்திப் புடிச்சாரு. பாத்து இறங்குங்க, பாத்துன்னு கையக் குடுத்தாரு. நல்ல பிள்ளை, அவனைப் போயி மனசுக்குள்ள திட்டுனேன். மண்ணுல காலு புதையுது. பக்கத்துல போயி, தொடாம நின்னேன். ஏங்க. அவரு நெத்திய எடுத்தாரு. திரும்பிப் பாத்தாரு. மூஞ்சி முழுக்க வேர்வை, உதடு மட்டும் வெள்ளையா இருந்துச்சு. அந்த நெலமையிலயும் அவரு கேட்டது என்ன தெரியுமா? "ஏன் இறங்குன? சீட்டு போச்சே." சீட்டு போனா போகட்டும், இப்படி உக்காருங்க. "வண்டி... நிக்குது பாரு, நீ ஏறு. நான் ஸ்டாப்புக்கு... வந்துர்றேன்." சரிங்க, வாங்க, அதுக்கு முன்னாடி இந்த போஸ்டர்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கன்னேன். அவரு போஸ்டரப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. முத பேரு பாதியில நின்னுபோச்சு, மிச்சத்துக்கு மூச்சு இல்ல. என்னைப் பாத்தாரு. களவு செஞ்சு மாட்டுன பிள்ளை மாதிரி பாத்தாரு. "முடியல சோலை"ன்னாரு. கலியாணமாகி இத்தனை வருசத்துல அந்த ஒரு சொல்ல அவரு வாயில இருந்து நான் கேட்டதில்ல. மில்லு மூடுனப்பக்கூட கேட்டதில்ல.

எங்கிருந்து வந்தான்னு தெரியல, ஆட்டோக்காரன் ஒருத்தன் அவனா நிறுத்துனான். என்னைவிடப் பத்து வயசு சின்னவனா இருக்கும். அவரு நின்ன நிலையப் பாத்தே அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரிக்கு விடுய்யான்னேன். குறுக்கால போயிருவோம்க்கா, ஆனா சுத்துப் பாதை, இருநூறு ஆகும்னான். அவரு காது பக்கத்துல நின்னு சொன்னான், நல்லா சத்தமாச் சொன்னான். நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். இருநூறுக்கு அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என்னது, இருநூறான்னு ஒரு அடி பின்னாடி போவாரு, பையை உதறி தோள்ல போடுவாரு, வா சோலைன்னு நடப்பாரு. ஆட்டோக்காரன் பின்னாடியே வந்து நூத்தி அம்பதும்பான், திரும்ப மாட்டாரு. அதெல்லாம் ஒண்ணும் நடக்கல. ஒரு கைய ஆட்டோக் கம்பியில வச்சாரு, இன்னொரு கைய என் தோள்ல வச்சாரு, சின்னப் பிள்ளை கணக்கா ஏறி உள்ள உக்காந்துட்டாரு. கண்ண மூடிட்டாரு. எவ்வளவுன்னு கேக்கல. ஏன் எதுக்குன்னு கேக்கல. வேர்வையப் பாத்துப் பயப்படல, உதட்டப் பாத்து அப்படிப் பயப்படல, அந்த ஆட்டோவுல அவரு மறுபேச்சு பேசாம ஏறுனதப் பாத்துத்தான் இந்த மனுசன் என்னை விட்டுட்டுப் போயிருவாரோன்னு நெனச்சேன்.

ஆட்டோ சந்துல புகுந்து குலுங்குது. அவரு கையப் புடிச்சுக்கிட்டேன், சில்லுன்னு இருக்கு, ஈரமா. மெதுவாப் போய்யா, இல்ல இல்ல, வெரசாப் போய்யா. அவன் பாவம், எதைக் கேப்பான். ஏங்க, பேசுங்க. ஏதாவது பேசுங்க. இந்தா, அமுதாவுக்கு போன் போடவாங்க? தலை என் தோள்ல கனக்குது. தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன், சாமி எங்க இவரைப் பேச வைக்கப்போகுது, இவரு எதுக்கு வாயத் தொறப்பாருன்னு எனக்கில்ல தெரியும். காதுல குனிஞ்சு சொன்னேன், ஏங்க, கோவிச்சுக்காதீங்க, அவசரத்துல நடுவீட்டு ஃபேனை அணைக்காம வந்துட்டேங்க. கண்ணு அசையல. சத்தமாச் சொன்னேன், ஃபேனு அஞ்சுல சுத்துதுங்க! ஆட்டோக்காரன் கண்ணாடியில என்னைப் பாக்குறான், இந்தப் பொம்பளைக்கு கிறுக்கு முத்திருச்சுன்னு. பாத்தா பாக்கட்டும். கொல்லைக் குழாயையும் திறந்து விட்டுட்டேங்க, வாளி நெறஞ்சு ஓடும் இந்நேரம். இல்ல. ஒண்ணுமில்ல. மூச்சு மட்டும் வருது, விட்டு விட்டு வருது. பாவி மனுசா, ஒரு வார்த்தை திட்டேன். நான் உன்னைய வாழ்நாள்ல வா போன்னு பேசுனதில்ல, இப்ப பேசுறேன், அதுக்காவது திட்டு. தலைகாணிய எடுத்தேன்ல, அதுக்குத் திட்டு. ரெண்டு ரூவாய்க்கு உன்ன நடக்க விட்டுட்டு நோகாம உக்காந்து வந்தேன்ல, அதுக்குத் திட்டு. அழக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன், பல்லுக்கு நடுவுலயே அழுகை வந்துருச்சு. சிக்னல்ல நின்னுச்சு வண்டி. ஆட்டோக்காரன் தலைய வெளிய நீட்டி, முன்ன நின்ன பைக்கையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சுனான். ஒவ்வொருத்தனா ஒதுங்குனாங்க. ஆஸ்பத்திரி வளைவு தெரியுது.

தோள்ல ஏதோ முனகல். குனிஞ்சேன். கண்ண மூடிக்கிட்டே, உதடு மட்டும் அசைஞ்சு, "எவ்வளவு... கேட்டான்?"ன்னாரு.

"இருநூறுங்க."

மூச்ச சேத்துக்கிட்டு இருக்காரு, அந்த இருநூறுக்குப் பதில் சொல்ல. "சேர் ஆட்டோன்னா... ஆளுக்கு இருபது."

"ஆமாங்க. தப்புத்தாங்க." எம்புருசா, எம்புருசா. அழுகையும் சிரிப்புமா மூக்க முந்தானையில தொடச்சேன். ஆட்டோக்காரன் முன்னாடி உக்காந்துக்கிட்டு, இருநூறு வேணாம்யா, நீங்க எந்திரிச்சு வந்து என்கூட பேரம் பேசுங்கய்யாங்கிறான். வாசல்ல நிறுத்தி, ஸ்ட்ரெச்சர் ஸ்ட்ரெச்சர்னு அவனே ஓடுறான். ரெண்டு பேரு தள்ளிக்கிட்டு வர்றாங்க, அவரைத் தூக்கி வைக்கிறாங்க. என் கைய விட மாட்டேங்கிறாரு. வெள்ளைச் சட்டை போட்ட பொண்ணு ஒண்ணு, அம்மா நீங்க இங்கயே இருங்க, உள்ள வரக்கூடாதுங்குது. ஒரு நிமிசம்மா, என்னமோ சொல்றாரு. குனிஞ்சு காதக் குடுத்தேன்.

"ஃபேன... நெஜமாவே... போட்டுட்டா வந்த?"

இல்லைங்க, சும்மா சொன்னேன், எல்லாம் அணைச்சாச்சு, நீங்க நிம்மதியா இருங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நிம்மதிய மட்டும் குடுத்துறக்கூடாதுன்னு தோணுச்சு.

"ஆமாங்க, அஞ்சுல சுத்துது. நான் அணைக்கப் போறதில்ல. நீங்க வந்து அணைங்க."